முடக்குவாதமும் வருடக்கணக்கில் வலி மாத்திரையும்: முழுமையான வழிகாட்டி

முடக்குவாதத்துக்கு, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் மூட்டு நோய்க்கு, டாக்டர் எழுதிக்கொடுக்கும் சீட்டில் வழக்கமாக நாலைந்து மருந்து இருக்கும். அதில் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் பலன் தெரிவது வலி மாத்திரையில்தான். மற்றவை வேலை செய்கின்றனவா இல்லையா என்று தெரியவே ஒன்றரை மாதம், மூன்று மாதம் ஆகும். அதனால் பணம் முடையாகும்போதோ, வெளியூர் போகும்போதோ, "இத்தனை மாத்திரையா?" என்று வீட்டில் யாராவது கேட்கும்போதோ, மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோய் வலி மாத்திரை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று வருடம், ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம்கூட. மருந்துக்கடையில் மருந்தாளுநராக நிற்கும் எனக்கு இது தினசரிக் காட்சி.

வலி மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள் என்று பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. காலையில் டூத்பேஸ்ட் மூடியைத் திறக்கவே விரல் ஒத்துழைக்காத ஒருவரிடம் போய் அப்படிச் சொல்வது அநியாயம். நீண்ட நாள் சாப்பிட வேண்டியிருந்தால் எப்படிச் சாப்பிடுவது, எதைக் கவனிப்பது, எப்போது குறைப்பது என்பதுதான் இங்கே விஷயம். என் கட்சி ஒன்றுதான்: வாரத்துக்கு எத்தனை வலி மாத்திரை தேவைப்படுகிறது என்ற எண்ணை வைத்தே நோய் அடங்கியிருக்கிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். மாதங்கள் போயும் அந்த எண் குறையவில்லை என்றால், மாற்றிப் பார்க்க வேண்டியது வலி மாத்திரையின் பிராண்டை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் சிகிச்சையை.

இன்னொன்று, நான் டாக்டர் இல்லை. கீழே வரும் அளவுகள் எல்லாம் உங்கள் சீட்டைப் புரிந்துகொள்வதற்கு, நீங்களே சீட்டு எழுதிக்கொள்வதற்கு இல்லை.

படி 1: கையில் இருப்பது என்ன மாத்திரை?

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், நாப்ராக்சென், இண்டோமெத்தசின், பைராக்சிகாம், நிமிசுலைடு, எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு அல்லாத அழற்சி (வீக்கம்) நீக்கி வகை. இங்கே வலி மாத்திரை என்று நான் சொல்வது இந்த வகையைத்தான். வோவிரான் என்றால் டைக்ளோஃபினாக். ஜீரோடால் பி என்றால் அசிக்ளோஃபினாக் 100 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் சேர்ந்தது. காம்பிஃப்ளாம் என்றால் ஐபுபுரூஃபன் 400, பாராசிட்டமால் 325. பாராசிட்டமால் மட்டும் தனியாக இருந்தால் அது இந்த வகையில் சேராது. வலியையும் காய்ச்சலையும் குறைக்கும், மூட்டு வீக்கத்தை ஒன்றும் செய்யாது.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். முடக்குவாதத்துக்கு ஏற்கெனவே அசிக்ளோஃபினாக் சாப்பிடுகிறவர் பல் பிடுங்கப் போகிறார், அங்கே டைக்ளோஃபினாக் எழுதுகிறார்கள், இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று பக்கத்துக் கடையில் ஐபுபுரூஃபன் வாங்குகிறார். மூன்றும் மூன்று நிறம், மூன்று பெயர், ஆனால் ஒரே வேலை. ஒரே நேரத்தில் இந்த வகையில் இரண்டைச் சாப்பிட்டால் வலி இரட்டிப்பாகக் குறைவதில்லை, புண் வரும் ஆபத்துதான் ஏறுகிறது. எனவே எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரோ கண் டாக்டரோ, அட்டைகளை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.

இங்கே கடைக்காரர்கள் பக்கத்துக் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். "ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று கேட்டால், அட்டையைக் கத்தரித்து, ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, கூடவே பொடிசாக ஒரு வெள்ளை மாத்திரை என்று சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கும் பழக்கம் பல கடைகளில் இன்னும் இருக்கிறது. கத்தரித்த துண்டில் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. அந்தப் பொடிசு பெரும்பாலும் டெக்சாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. "அந்தக் கடை மாத்திரை கைராசி, உடனே கேட்குது" என்பார்கள். கேட்கத்தான் செய்யும். மாதக்கணக்கில் போனால் முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது எல்லாம் பின்னாலேயே வரும். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிற்றுப் புண்ணுக்கான வாய்ப்பு தனித்தனியாகச் சாப்பிடுவதைவிடப் பல மடங்கு. டாக்டர் தெரிந்தே இரண்டையும் கொடுத்தால் அது வேறு, கால வரம்பும் வயிற்றுக்கான காவலும் வைத்துக் கொடுப்பார். பெயர் ஒட்டாத மூட்டுவலிப் பொடி, லேகியம் விஷயத்திலும் இதே சந்தேகம் இருக்கட்டும். சாப்பிட்ட அன்றே மந்திரம் போட்ட மாதிரி வலி பறந்தால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

படி 2: முக்கிய மருந்து ஓடுகிறதா?

முடக்குவாதத்தில், சில ஊர்களில் சரவாங்கி என்பார்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுக்குள் இருக்கும் சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து, வீங்கி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்க ஆரம்பிக்கும். வலியும் வீக்கமும் வெளியே தெரிவது, அரிப்பு உள்ளே நடப்பது.

வலி மாத்திரை இதில் எங்கே வருகிறது? அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கூட்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை உடம்பு தயாரிக்காமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971இல் காட்டினார், 1982இல் நோபல் பரிசும் பகிர்ந்துகொண்டார். ஆனால் எலும்பை அரிக்கும் வேலையை நடத்துவது புரோஸ்டாகிளாண்டின் மட்டும் இல்லை. அதனால் வலி இல்லாமல் நிம்மதியாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே மூட்டு போய்க்கொண்டிருக்கலாம். இரண்டு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும், அப்போது போனது போனதுதான்.

அரிப்பைத் தடுப்பவை வேறு மருந்துகள், நான் முக்கிய மருந்து என்பது இவற்றைத்தான்: மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசின், லெஃப்ளூனமைடு, இவற்றோடு சேர்த்தோ லேசான நோய்க்கோ ஹைட்ராக்சிகுளோரோகுயின், இவை போதாவிட்டால் டோஃபாசிட்டினிப் போன்றவையும் ஊசியில் வரும் உயிரியல் மருந்துகளும். நோய் தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே இவற்றை ஆரம்பிப்பவர்களுக்குப் பலன் அதிகம். உங்கள் சீட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் வலி மாத்திரை மட்டும் மாதக்கணக்கில் ஓடுகிறதென்றால் மற்ற படிகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு மூட்டுவாத நிபுணர் ஒருவரைப் பாருங்கள். செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது, புதுச்சேரி ஜிப்மரிலும் பார்க்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட் ஒன்றும் விலை கூடின மருந்தும் இல்லை.

மெத்தோட்ரெக்சேட் பற்றி ஒரு வரி, இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். அது வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தான கதைகள் உண்மையிலேயே நடந்திருக்கின்றன. கிழமையை அட்டை மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். வலி மாத்திரைகள் மெத்தோட்ரெக்சேட் கிட்னி வழியாக வெளியேறுவதைக் கொஞ்சம் மந்தப்படுத்தும். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் குறைந்த அளவில், கிட்னி நன்றாக இருந்தால், இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாமல் இருப்பதுதான் நிபந்தனை.

படி 3: வயிறு, இதயம், கிட்னி

இந்த மூன்றில் உங்களுக்கு எது பலவீனம் என்று தெரியாமல் நீண்ட நாள் வலி மாத்திரை தொடங்கக் கூடாது. காரணம் எளிது: மூட்டில் தொல்லை தரும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உள்பூச்சைக் காக்கிறது, கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்கிறது. மாத்திரைக்கு மூட்டு எது, வயிறு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

வயிறு முதலில். வயது 65க்கு மேல், முன்பு அல்சர் இருந்தது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ஸ்டீராய்டு ஓடுகிறது, இதில் ஒன்று இருந்தாலே டாக்டரிடம் சொல்லுங்கள். வயிற்றில் எரிச்சல் இல்லை, அதனால் புண் இல்லை என்று நினைப்பது பெரிய தப்பு. வயதானவர்களுக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நேராக ரத்தக்கசிவாகவே வரலாம். "மாத்திரைதான் வயிற்றைக் கெடுக்கும், ஊசி போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிறவர்கள் வாரம் நாலு பேர் வருகிறார்கள். ஊசியாகப் போட்டாலும், ஆசனவாயில் வைத்தாலும் மருந்து ரத்தத்தில் கலந்துதான் இரைப்பையின் பாதுகாப்பைக் குறைக்கிறது. மேல் பூச்சுப் போட்ட மாத்திரைக்கும் இதே கதைதான். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி நம் நாட்டில் ரொம்பச் சகஜம், அல்சருக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். முன்பு அல்சர் இருந்தவர்கள் நீண்ட நாள் வலி மாத்திரை தொடங்கும் முன் அதற்குப் பரிசோதனை செய்து, இருந்தால் ஒழித்துவிடுவது நல்லது.

இதயம் பற்றிய விழிப்பு பிந்தித்தான் வந்தது. வயிற்றுக்குப் பாதுகாப்பானது என்று 1999இல் அமெரிக்காவில் ராஃபகாக்சிப் என்ற மாத்திரை வந்தது, வயாக்ஸ் என்று விற்றார்கள். சுமார் 8,000 முடக்குவாத நோயாளிகளிடம் அதையும் நாப்ராக்செனையும் ஒப்பிட்ட ஆய்வு 2000இல் வெளியானபோது வயிற்றுப் பிரச்சினை பாதியாகக் குறைந்திருந்தது, மாரடைப்போ கூடியிருந்தது. நாப்ராக்சென் இதயத்தைக் காத்ததால்தான் அப்படித் தெரிகிறது என்று முதலில் சமாதானம் சொன்னார்கள். 2004 செப்டம்பர் 30 அன்று கம்பெனியே உலகம் முழுக்க அதைத் திரும்பப் பெற்றது. அதன் பிறகு எல்லா வலி மாத்திரைகளையும் அந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தார்கள். டைக்ளோஃபினாக்கின் இதய ஆபத்தும் பெயர் காக்சிப் என்று முடியும் இந்த வகைக்கு நெருக்கமானதுதான் என்று தெரிந்து, இதய நோய் உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013இல் சொல்லிவிட்டது. நம் ஊரில் இன்னும் அதுதான் முதலில் கைக்கு வரும் மாத்திரை. முடக்குவாதமே மாரடைப்பு வாய்ப்பைக் கூட்டும் நோய் என்பதையும் சேர்த்து நினையுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் இந்த மாத்திரைகளைச் சொந்த முடிவில் ஒரு நாள்கூட சாப்பிட வேண்டாம்.

கிட்னி. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்த்து, அதிலிருந்து கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற எண்ணைக் கணக்கிட்டுத் தருவார்கள், லேப் சீட்டிலேயே பெரும்பாலும் இருக்கும். 60க்குக் கீழே என்றால் எச்சரிக்கை, 30க்குக் கீழே என்றால் வேண்டவே வேண்டாம். பிரஷருக்கு எனலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் மாதிரி ஒன்று, நீர் பிரியும் மாத்திரை ஒன்று, அதோடு வலி மாத்திரை: இந்த மூன்றும் கூடினால் கிட்னி திடீரென்று படுத்துவிடும் ஆபத்து உண்டு. பிரஷர் மாத்திரை தனியாக, தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது, மூட்டுவலி மாத்திரை தனியாகக் கடையில் வாங்குவது, இரண்டையும் ஒரே கண் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வரும் பணியாளரிடம் வலி மாத்திரை அட்டையையும் காட்டுங்கள்.

(ஒரு கிளைக்கதை. இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கோடிக்கணக்கில் செத்து மடிந்ததற்கும் இதே டைக்ளோஃபினாக்தான் காரணம். மாட்டுக்கு ஊசி போட்டார்கள், செத்த மாட்டைத் தின்ற கழுகுக்குக் கிட்னி போயிற்று. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருப்பவற்றை இப்போது எண்ணிப் பாதுகாக்கிறார்கள். மனிதக் கிட்னி அவ்வளவு மென்மையானது இல்லை, பயப்பட வேண்டாம்.)

ஆஸ்துமா இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிலருக்கு ஆஸ்பிரினோ இந்த வகை மாத்திரைகளோ சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சிரைப்பு வரும். ஒரு தடவை வந்திருந்தால் எல்லா டாக்டரிடமும் சொல்லுங்கள்.

படி 4: எந்த மாத்திரை?

"எது ஸ்ட்ராங்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சரியான அளவில் கொடுத்தால் வலியைக் குறைப்பதில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒருவருக்குக் கேட்பது இன்னொருவருக்குக் கேட்காது, அவ்வளவுதான். தேர்வு நடப்பது பக்கவிளைவை வைத்து.

வயிறு பலவீனம், இதயம் நன்றாக இருக்கிறது என்றால் செலிகாக்சிப், கூடவே வயிற்றுக்கான மாத்திரை. இதயப் பயம் அதிகம், வயிறு பரவாயில்லை என்றால் நாப்ராக்சென் பக்கம் சாய்வார்கள், அதுவும் வயிற்று மாத்திரையோடு. சுமார் 24,000 பேரிடம் செலிகாக்சிப், நாப்ராக்சென், ஐபுபுரூஃபன் மூன்றையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2016இல் வந்தது. மிதமான அளவில் செலிகாக்சிப் மற்ற இரண்டைவிட இதயத்துக்கு மோசமில்லை என்று காட்டியது. அதில் முடக்குவாதக்காரர்கள் குறைவு, பெரும்பாலானவர்கள் மூட்டுத் தேய்மானக்காரர்கள். எட்டோரிகாக்சிப் ஒரு நாளுக்கு ஒரு வேளை போதும் என்பதால் பலருக்குப் பிடிக்கும், ஆனால் பிரஷரை ஏற்றும். 140/90க்கு மேலே நிற்கும் பிரஷரோடு அதைத் தொடங்கக் கூடாது. முடக்குவாதத்துக்கு 60 மி.கி., தேவைப்பட்டால் 90. 120 மி.கி. மாத்திரை கவுட் என்னும் திடீர் மூட்டுவீக்கத்துக்கு, அதுவும் அதிகபட்சம் 8 நாள். அதை மாதக்கணக்கில் வாங்கிப் போகிறவர்களை நான் பார்க்கிறேன். பைராக்சிகாம், இண்டோமெத்தசின் இரண்டும் வயதானவர்களுக்கு ஒத்துவராதவை.

ஒரு மாத்திரை கேட்கிறதா என்று பார்க்க ஒன்று, இரண்டு வாரம் கொடுங்கள். வலி ஒரு மணியில் குறைந்தாலும் வீக்கத்தின் மேல் முழுப் பலன் தெரிய அவ்வளவு நாள் ஆகும். மூன்றாம் நாளே மாற்றினால் எதுவும் கேட்காத மாதிரிதான் இருக்கும்.

இரண்டு மூன்று விரல் மூட்டு, முழங்கால் மட்டும்தான் தொல்லை என்றால் டைக்ளோஃபினாக் ஜெல் இருக்கிறது. மாத்திரையால் ரத்தத்தில் சேருவதில் சுமார் 6 சதவீதம்தான் ஜெல்லால் சேரும். உடம்பு முழுக்க மூட்டு வீங்கியிருந்தால் இது போதாது.

படி 5: எப்படிச் சாப்பிடுவது

உணவோடு அல்லது உணவுக்குப் பிறகு, ஒரு டம்ளர் தண்ணீர் நிறைய. வெறும் வயிற்றில் டீயோடு விழுங்குவதுதான் நம் ஊர்ப் பழக்கம், அதை விட்டுவிடுங்கள். பான்டபிரசோல், ஒமிபிரசோல் மாதிரி வயிற்று மாத்திரை எழுதியிருந்தால் அது மட்டும் உணவுக்கு அரை மணி முன்பு. இரண்டையும் ஒரே கையில் வைத்து ஒன்றாக விழுங்கினால் வயிற்று மாத்திரைக்கு முழுப் பலன் கிடைக்காது. அது இரைப்பையையும் அதை ஒட்டிய சிறுகுடலின் தொடக்கத்தையும்தான் காக்கும், அதற்குக் கீழே உள்ள சிறுகுடலைக் காக்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். ரத்தசோகை மெல்ல மெல்ல வருவது பல நேரம் அங்கிருந்துதான்.

முடக்குவாதத்தின் அடையாளமே காலை இறுக்கம். அதனால் நேரத்தை மாற்றிப் பார்ப்பதிலேயே நல்ல பலன் உண்டு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் ரத்தத்தில் இருந்து இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும், நாப்ராக்சென் பாதியாக 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும், எட்டோரிகாக்சிப்புக்குக் கிட்டத்தட்ட 22 மணி நேரம். இரவுச் சாப்பாட்டோடு நீண்ட நேரம் நிற்கும் மாத்திரையைச் சாப்பிட்டால் காலை ஆறு மணிக்குக் கை கொஞ்சம் இளகியிருக்கும். அளவைக் கூட்டும் முன் நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இதயத்துக்காக 75 மி.கி. ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு: ஐபுபுரூஃபன் முன்னாடி போனால் ஆஸ்பிரின் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்ளும். உடனே கரையும் சாதா ஆஸ்பிரின் என்றால் அதைச் சாப்பிட்டு அரை மணி கழித்து ஐபுபுரூஃபன், இல்லையென்றால் ஐபுபுரூஃபன் சாப்பிட்டு 8 மணி நேரம் கழித்து ஆஸ்பிரின். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், குளோபிடோக்ரெல், மன அழுத்தத்துக்கான செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், இவை ஓடும்போதும் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு அதன் அளவே ரத்தத்தில் ஏறிவிடும். மது, சொல்லவே வேண்டாம், வயிற்றையும் கெடுக்கும், மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்து ஈரலையும் கெடுக்கும்.

படி 6: பரிசோதனைகள்

தொடங்கும் முன் பிரஷர், ஹீமோகுளோபின், கிரியாட்டினின், ஈரலுக்கான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, சிறுநீர். தொடங்கி இரண்டு வாரத்தில் பிரஷர் மறுபடியும். பிரஷர் மாத்திரை ஓடுகிறவர்களும் வயதானவர்களும் கிரியாட்டினினும் சேர்த்து. அப்புறம் மெத்தோட்ரெக்சேட்டுக்காக மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள் அல்லவா, அதே ரத்தத்திலேயே இதையும் பார்த்துவிடலாம், தனிச் செலவு இல்லை. ஹீமோகுளோபின் 12இல் இருந்து 10 ஆகியிருந்தால் இரும்புச்சத்து டானிக்கோடு விட்டுவிடாதீர்கள், எங்கே ரத்தம் போகிறது என்று கேளுங்கள்.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு எண்ணைவிட அது எப்படி நகர்கிறது என்பதுதான் டாக்டருக்குப் பயன்படும்.

படி 7: நிறுத்தி வைக்க வேண்டிய நாட்கள்

வயிற்றுப்போக்கு, வாந்தி, சாப்பிடவே முடியாத காய்ச்சல், இந்த நாட்களில் வலி மாத்திரையை நிறுத்திவிடுங்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது கிட்னியின் ரத்த ஓட்டம் புரோஸ்டாகிளாண்டினை நம்பித்தான் இருக்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் வயலிலோ கட்டட வேலையிலோ நிற்கிறவர்களுக்கும் இது பொருந்தும். பிரஷர் மாத்திரையையும் அந்த நாட்களில் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலக் காய்ச்சல் என்றால் டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை இந்த வகை எதுவும் கூடாது, ரத்தக்கசிவு ஆபத்து. பாராசிட்டமால் மட்டும். அதிலும் ஜீரோடால் பி மாதிரி கூட்டு மாத்திரை ஏற்கெனவே ஓடினால் பாராசிட்டமால் இரட்டிப்பாகும், கவனம். ஆபரேஷனுக்கு முன்பும், மருந்து செலுத்தி ஸ்கேன் எடுப்பதற்கு முன்பும் சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு ஓடுகிறவர்கள் இதற்கு நேரெதிர்: அதைக் காய்ச்சலில் திடீரென்று நிறுத்தவே கூடாது.

படி 8: குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள்

முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம், சிலருக்கு இளம் வயதிலேயே ஆரம்பிக்கும். ஆனாலும் இந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. தினமும் சாப்பிடும் வலி மாத்திரை சிலருக்குக் கருமுட்டை வெளிவருவதையே தடுக்கும்; கரு தங்கவில்லை என்று அலைகிறவர்கள் இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துத் துறை 2020இல் எச்சரித்தது, ஏனென்றால் குழந்தையின் கிட்னி பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையலாம். கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம். மெத்தோட்ரெக்சேட்டும் லெஃப்ளூனமைடும் கர்ப்பத்தில் கூடவே கூடாது, திட்டமிடும்போதே மாதங்களுக்கு முன் டாக்டர் மாற்றித் தருவார். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் தொடரலாம். பலருக்குக் கர்ப்பக் காலத்தில் மூட்டுவலி தானாகவே குறையும், பிரசவத்துக்குப் பின் திரும்பும்.

படி 9: குறைப்பது

சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண் எழுதுங்கள்: காலையில் கை இறுக்கம் எத்தனை நிமிடம், அன்று எத்தனை வலி மாத்திரை. "60/2", "45/2", "20/1" என்று இருக்கும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது செல்போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு வருவதுதான் நம் வழக்கம், படம் அப்படிப் பொய் சொல்லாது. வலி மாத்திரை தினமும் இரண்டு சாப்பிட்டுக்கொண்டே பரவாயில்லை என்றால் அது மாத்திரையின் பரவாயில்லை.

முக்கிய மருந்து தொடங்கி மூன்று மாதம் ஆகி, இறுக்கம் அரை மணிக்குக் கீழே வந்துவிட்டதென்றால் டாக்டரிடம் கேட்டு முதலில் மதிய வேளையை விடுங்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டுக் காலை வேளை. பிறகு இரவு மட்டும், அதன் பிறகு வலிக்கிற அன்றைக்கு மட்டும். இந்த வகை மாத்திரையை உடம்பு பழகிக்கொண்டு அடம்பிடிப்பதில்லை, நிறுத்தினால் தனியாக ஒன்றும் செய்யாது. நிறுத்தியதும் வீக்கம் திரும்பினால் அது நோய் திரும்பியது, அதாவது முக்கிய மருந்து போதவில்லை. சத்தமில்லாமல் பழைய அளவுக்குப் போய்விடாமல் காலண்டரை எடுத்துக்கொண்டு போய், மெத்தோட்ரெக்சேட் அளவைக் கூட்டுவதா, இன்னொன்றைச் சேர்ப்பதா என்று கேளுங்கள்.

எல்லோராலும் முழுக்க நிறுத்த முடியாது. பல வருடம் கவனிக்காமல் விட்டு மூட்டு ஏற்கெனவே தேய்ந்துபோனவர்களுக்கு நோய் அடங்கியிருந்தாலும் தேய்மான வலி இருக்கும். வாரத்தில் மூன்று நாலு நாள், குறைந்த அளவில், வயிற்று மாத்திரையோடு, பரிசோதனையோடு தொடர்வதில் தப்பில்லை. பிசியோதெரபி, மணிக்கட்டுப் பட்டை, வெந்நீரில் கையை வைத்துப் பத்து நிமிடம் மடக்கி நீட்டுவது எல்லாம் அந்த எண்ணை இன்னும் ஒன்றிரண்டு குறைக்கும்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

மலம் தார் மாதிரிக் கறுத்து, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனால் வயிற்றில் ரத்தக்கசிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள் (இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் பிசுபிசுப்பும் நாற்றமும் அந்த மாதிரி இருக்காது). காப்பித்தூள் கலந்தது போன்ற வாந்தி, திடீர் வயிற்றுவலியோடு வயிறு பலகையாக இறுகுவது, நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விழுவது, சிறுநீர் பாதியாகக் குறைந்து கால் வீங்குவது, உடம்பில் கொப்புளமும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வருவது, மூச்சிரைப்பு: இதில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரை வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும், மெத்தோட்ரெக்சேட் கடைசியாகச் சாப்பிட்ட கிழமையையும் கூட வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.